மேர்தர் டிட்வில் தொகுதி (1832–1983): ஒரு தேர்தல் வரலாற்று நோக்கு

பிரித்தானியத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோருள் மேர்தர் டிட்வில் என்னும் பெயரைக் குறிப்பிடாது சென்றவர் அரியர். தென் வேல்ஸின் மலைப் பள்ளத்தாக்கொன்றின் தலைப்பில் அமைந்த இந்நகரில் 1831இல் தொழிலாளர் செங்கொடி உயர்த்தினர். 1900இல் இதே நகர் கெயர் ஹார்டியைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் இரு முனைகளாகக் கொண்டு அவற்றுக்கிடையே நேர்கோடொன்றை வரைந்து, கிளர்ச்சி கட்சியாக முதிர்ந்த கதை இதுவெனக் கூறுவது முற்போக்கு வரலாற்றாசிரியர் பலரின் வழக்கம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தோம். ஆயின் இத்தொகுதியின் தேர்தல் முடிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நோக்குமிடத்து அக்கோடு பலவிடங்களில் வளைவதையும், ஓரிடத்தில் அறுந்தே போவதையும் காண்கிறோம். வளைந்த இடங்களும் அறுந்த இடமுமே இக்கட்டுரையின் பொருளாகும். இத்தொகுதியின் மக்கள் எந்தக் கொள்கைக்கு வாக்களித்தனர் என்ற வினாவுக்கு முன்னதாக, அந்த ஆசனம் யாருக்குரியது என அவர்கள் கருதினர் என்ற வினா எழுப்பப்படல் வேண்டும் என்பது எமது கருத்து.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேர்தர் ஒரு சிற்றூர். இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணக்கல், விரைந்தோடும் நீர் ஆகிய நான்கும் ஒருங்கே கிடைத்தமையால் 1759இல் டௌலயிஸ், அதன்பின் பிளிமத், கவார்த்வா, பெனிடாரன் என நான்கு பெரும் இருப்பாலைகள் அங்கு எழுந்தன. 1804இல் டிரெவிதிக் தமது நீராவி எந்திரத்தைத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டியது பெனிடாரன் ஆலைக்காகவே. 1801இல் ஏறத்தாழ 7,700ஆக இருந்த குடித்தொகை 1851இல் 46,000ஐத் தாண்டியது. வேல்ஸ் நாட்டின் மிகப் பெரிய நகரம் அப்பொழுது இதுவே. ஆயினும் அதற்கு நகரசபை இல்லை. முறையான வடிகால் இல்லை. 1832 வரை பாராளுமன்றத்தில் தனக்கென ஓர் உறுப்பினரும் இல்லை. இருப்பாலையதிபர் நால்வரின் சொல்லே அங்கு சட்டம்.

1831ஆம் ஆண்டில் இரும்பு விலை வீழ்ந்து, கவார்த்வாவின் அதிபர் வில்லியம் குரோஷே கூலியைக் குறைத்த வேளையில் நாடெங்கும் பாராளுமன்றச் சீர்திருத்தக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. மேர்தரில் இரண்டும் ஒன்றாயின. தொழிலாளரின் ஆத்திரம் முதலிற் பாய்ந்தது கடன் நீதிமன்றின் மீது. கடைக்காரருக்குக் கடன்பட்ட தொழிலாளியின் கட்டிலையும் கடிகாரத்தையும் பறித்து விற்கும் அதிகாரம் படைத்த மன்று அது. பறிக்கப்பட்ட பொருள்கள் வீடுவீடாக மீட்கப்பட்டு உரியவரிடம் சேர்க்கப்பட்டன. மன்றின் ஏடுகள் எரிக்கப்பட்டன. யூன் 3ஆம் நாள் காஸில் விடுதியின் முன் கூடியிருந்த மக்கள்மீது இராணுவம் சுட்டதிற் குறைந்தது பதினாறு பேர் மாண்டனர். அதன் பின்னரும் சில நாட்கள் நகரம் தொழிலாளரின் கையில் இருந்தது. ஈற்றில், சிப்பாய் ஒருவரைக் குத்திக் காயப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டின்பேரில், டிக் பென்டெரின் என மக்கள் அழைத்த றிச்சார்ட் லூயிஸ் என்னும் இளந் தொழிலாளி 1831 ஓகஸ்ட் 13இல் கார்டிப்பில் தூக்கிலிடப்பட்டார். காயப்பட்ட சிப்பாயே தம்மைக் குத்தியவரை அடையாளங் காட்ட இயலாதவராக இருந்தார். அவருயிரைக் காக்க விண்ணப்பங்கள் திரட்டி ஓடியாடியவர்களுள் குவேக்கர் சமயத்தவரான இருப்பாலையதிபர் ஜோசப் டிரெகெலிஸ் பிரைஸ் முதன்மையானவர் என்பதையும் இங்கு சொல்லாது விடுதல் நேர்மையாகாது.

அடுத்த ஆண்டு நிறைவேறிய சீர்திருத்தச் சட்டம் மேர்தருக்கு ஓர் ஆசனம் தந்தது. முதலில் அந்நகரைக் கார்டிப்புடன் இணைத்துவிடவே எண்ணியிருந்தனர். பின்னரே தனி ஆசனம் வழங்கப்பட்டது. அயலிலுள்ள அபர்டேர் பள்ளத்தாக்கும் இத்தொகுதியுள் அடங்கியது. ஆனால் வாக்காளர் தொகை 502 மட்டுமே. துப்பாக்கிக் குண்டுக்கு நெஞ்சைக் காட்டியோரில் எவருக்கும் வாக்கில்லை; வாக்குப் பெற்றோர் கடைக்காரரும் சொத்துடையோருமே. டௌலயிஸ் இருப்பாலையின் அதிபரான ஜோசையா ஜோன் கெஸ்ட் 1832 டிசெம்பரில் போட்டியின்றித் தெரிவானார். உலகின் மிகப் பெரிய இருப்பாலையாகப் பின்னர் வளர்ந்த நிறுவனத்தின் உடைமையாளர் அவர், தாராளக் கொள்கையினர், பள்ளிக்கூடங்கள் கட்டியவர். 1852இல் இறக்கும்வரை ஆசனம் அவரிடமே இருந்தது. அவருக்குப் பின் வந்த ஹென்றி ஒஸ்டின் புறூஸ், மேர்தரின் ஊதியம்பெறும் நீதவானாகக் கடமையாற்றியவர். கெஸ்ட் குடும்பச் சொத்தின் தருமகர்த்தாக்களுள் ஒருவர். ஆலையின் கணக்கேட்டோடு தொகுதியும் கைமாறிற்று எனின் அது மிகையாகாது.

1867ஆம் ஆண்டுச் சட்டம் நகர்ப்புறக் குடும்பத் தலைவர்க்கு வாக்குரிமையை விரித்தபொழுது இந்த ஒழுங்கு ஒரே நாளில் தகர்ந்தது. 1,387ஆக இருந்த வாக்காளர் தொகை 14,577ஆக உயர்ந்தது. இவ்வளவு பெரிய பாய்ச்சலைக் கண்ட தொகுதிகள் வேறு அதிகமில்லை. ஆசனமும் இரண்டாயிற்று. புறூஸ் கற்றறிந்தவர், தொழிலாளர் நலனிற் கரிசனை காட்டியவர் எனப் பெயர் பெற்றவர். ஆயினும் சுரங்கங்களில் இரட்டைமுறை வேலையை அவர் ஆதரித்ததும், இரகசிய வாக்கெடுப்பை ஏற்கத் தயங்கியதும் சுரங்கத் தொழிலாளரின் உள்ளத்தில் ஆறாதிருந்தன. அவர்கள் நாடியது ஹென்றி றிச்சார்ட்டை. டிரெகாரன் என்னும் சிற்றூரிற் பிறந்து, சுயாதீன சபையின் போதகராக விளங்கி, 1848 முதல் சமாதானச் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றியவர் அவர்; வெல்ஷ் மொழியில் மக்களோடு பேசியவர். நிலமும் பட்டமும் உடையோரை நோக்கி, நீங்கள் வேல்ஸ் மக்கள் அல்லீர், இத்தேவாலயங்களை எழுப்பி இம்மொழியைப் பேசும் நாங்களே வேல்ஸ் மக்கள் என்னுங் கருத்துப்பட அவர் ஆற்றிய உரை அத்தேர்தலின் உரையாகவே நினைக்கப்படுகின்றது.

1868 நவம்பர்த் தேர்தலில் றிச்சார்ட் 11,683 வாக்குகள் பெற்று முதலிடத்தில் வந்தார். அபர்டேரின் இருப்பாலையதிபர் றிச்சார்ட் பொதர்கில் 7,439, புறூஸ் 5,776. இரகசிய வாக்கெடுப்புச் சட்டம் 1872இலேயே வந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். மேலாளரும் கங்காணியும் பார்த்திருக்க, வாய்திறந்து பெயர் சொல்லி அளிக்கப்பட்ட வாக்குகள் இவை. புறூஸ் ஸ்கொட்லாந்துத் தொகுதியொன்றின் வழியே பாராளுமன்றம் புகுந்து கிளாட்ஸ்டனின் உள்நாட்டு அமைச்சரானார். அவர் தோல்வியை எவ்வளவு ஆழமாக உணர்ந்திருப்பார் என்பது வேறு விடயம். எமக்கு முக்கியமாவது, மக்கள் தள்ளியது ஒரு கொடியவரையல்ல என்பதே. நல்லவரேயாயினும் தமக்குரியது போல் ஆசனத்தை வைத்திருந்தவரை அவர்கள் தள்ளினர். அதேவேளை இன்னோர் ஆலையதிபரான பொதர்கில் இரண்டாம் ஆசனத்துக்குத் தெரிவாகியதும் உண்மை. வர்க்க உணர்வு என்ற ஒரே சாவியால் இப்பூட்டுத் திறவாது.

அதற்கு மறு சான்று 1874இல் கிடைக்கின்றது. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் தோமஸ் ஹாலிடே அத்தேர்தலிற் போட்டியிட்டார். தொழிலாளியே தொழிலாளரின் பிரதிநிதியாக நின்ற மிக முற்பட்ட முயற்சிகளுள் இதுவுமொன்று. ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த வாக்குகளோடு அவர் மூன்றாமிடத்தில் நின்றார். றிச்சார்ட் 1888இல் இறக்கும்வரை ஓர் ஆசனத்தை வகித்தார். 1888 இடைத்தேர்தல்களின் பின் தொகுதியின் உறுப்பினர் இருவர்: ஒருவர் நிலக்கரிக் கம்பனி முதலாளியான டி. ஏ. தோமஸ், மற்றவர் வேல்ஸில் தங்கச் சுரங்கம் தோண்டிப் புகழீட்டிய பிரிட்சார்ட் மோர்கன். இருவரும் லிபரல்கள், ஒருவரையொருவர் வெறுத்தவர்கள். இவ்வெறுப்பு ஒரு பெருநிகழ்ச்சிக்கு வழிதிறந்தது.

1898இல் தென் வேல்ஸின் சுரங்கங்கள் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அடைபட்டுக் கிடந்தன. நிலக்கரியின் விலையோடு கூலியை ஏற்றியிறக்கும் படியளவு முறையை ஒழிக்கத் தொழிலாளர் போராடித் தோற்றனர். தோல்வியின் சாம்பலிலிருந்தே தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் பிறந்தது. அம்மாதங்களில் அப்பள்ளத்தாக்குகளில் கூட்டங்கூட்டமாகப் பேசிச் சென்றவர் கெயர் ஹார்டி. ஸ்கொட்லாந்தின் சுரங்கங்களிற் சிறுவயதிலேயே வேலைக்குப் போனவர். 1893இல் சுதந்திரத் தொழிற்கட்சியைத் தோற்றுவித்தோரில் முதல்வர். 1892 முதல் 1895 வரை வெஸ்ட் ஹாம் தொகுதியின் உறுப்பினர். 1900ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் போவர் யுத்தத்தின் நடுவில், தேசாவேசம் உச்சத்திலிருந்தபொழுது நடத்தப்பட்டது. போரை வெளிப்படையாக எதிர்த்த ஹார்டி பிரெஸ்டன், மேர்தர் ஆகிய இரு தொகுதிகளிலும் நின்றார். பெரும்பொழுதைச் செலவிட்டது பிரெஸ்டனில், அங்கு தோற்றார். மேர்தருக்கு வாக்கெடுப்பின் தறுவாயிலேயே வந்து சேர்ந்தார், அங்கு வென்றார்.

முடிவு இது: தோமஸ் 8,598, ஹார்டி 5,745, மோர்கன் 4,004. இரட்டை அங்கத்தவர் தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரு வாக்குகள் உண்டு. கொழும்பு மத்தி போன்ற பல அங்கத்தவர் தொகுதிகளைக் கண்ட எமது வாசகர்க்கு இதன் நுட்பங்களை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஹார்டியின் வாக்குகளில் மிகப் பெரும்பாலானவை தோமஸுக்கும் வாக்களித்தோர் அளித்த இரண்டாம் வாக்குகள். போரை ஆதரித்த மோர்கனைத் தோற்கடிப்பதற்காகத் தோமஸின் ஆதரவாளர் ஹார்டியின் பக்கம் சாய்ந்தனர். நிலக்கரி முதலாளியின் நிழலிலேதான் சோசலிசத்தின் முதல் உறுப்பினர் மேர்தரில் வென்றார் என்பது உவப்பான செய்தியன்று, ஆயின் மறைக்கத்தக்கதுமன்று. அதன் பின்னரும் 1906இலும், 1910இன் இரு தேர்தல்களிலும் ஹார்டி தெரிவாகினார். நான்கு தேர்தல்களில் ஒன்றிலேனும் அவர் முதலிடம் பெறவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு லிபரலுக்கு அடுத்ததாகவே வந்தார். ஒற்றை அங்கத்தவர் தொகுதியாக இருந்திருப்பின் ஹார்டி மேர்தரின் உறுப்பினராகியிருப்பாரா என்ற வினா தவிர்க்க முடியாதது.

இவ்வாறு கூறுவதால் அவரது பெருமை குறைந்துவிடப் போவதில்லை. வேலையற்றோருக்காகவும் பெண்களின் வாக்குரிமைக்காகவும் அவர் சளையாது பேசினார். 1907இல் இந்தியாவுக்குச் சென்று, வங்காளத்தில் ஆட்சியினரின் போக்கைக் கண்டித்துப் பேசியமைக்காக இலண்டன் பத்திரிகைகள் அவரை இராசத்துரோகி என்னும் அளவுக்குத் தூற்றின. மேர்தர் வாக்காளர் அதனாற் கலங்கியதாகத் தெரியவில்லை. 1910 ஜனவரியில் அவருக்குக் கிடைத்தவை 13,841 வாக்குகள். இரு வாக்குகளுள் ஒன்றைத் தம் வர்க்கத்துக்கும் மற்றதைத் தம் தேவாலயத்துக்கும் அளித்து, இரண்டுக்கும் முரணில்லையென வாழ்ந்த ஒரு தலைமுறையினர் அவர்கள்.

முரண் வெடித்தது 1914 ஓகஸ்டில். போர் அறிவிக்கப்பட்ட இரண்டாம் நாள் அபர்டேரில் ஹார்டி பேசவிருந்த போரெதிர்ப்புக் கூட்டம் அவரது தொகுதி மக்களாலேயே கூச்சலிட்டுக் கலைக்கப்பட்டது. கலைத்தோரோடு நின்றவர் சார்ள்ஸ் பட் ஸ்டான்ரன்: அபர்டேர்ப் பகுதிச் சுரங்கத் தொழிலாளரின் முகவர்; போருக்கு முந்திய ஆண்டுகளில் தென் வேல்ஸிலேயே மிகத் தீவிரமான வர்க்கப் போராளியெனப் பெயரெடுத்தவர். மனமுடைந்த ஹார்டி 1915 செப்டெம்பர் 26இல் மறைந்தார்.

இடைத்தேர்தல் நவம்பர் 25இல் நிகழ்ந்தது. தொழிற்கட்சியின் வேட்பாளர் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் முதல்வரிசைத் தலைவரான ஜேம்ஸ் வின்ஸ்ரோன். போர்க்கால உடன்பாட்டின்படி ஏனைய கட்சிகள் ஒதுங்கி நின்றன. ஸ்டான்ரன் தம் பதவியைத் துறந்து, போரை முழுமூச்சாக நடத்தல் வேண்டும் என்ற முழக்கத்தோடு அவருக்கெதிராக நின்றார். ஸ்டான்ரனுக்கு 10,286; வின்ஸ்ரோனுக்கு 6,080. பதினைந்து ஆண்டுகள் ஹார்டி வீற்றிருந்த ஆசனத்தில் அவரைக் கூச்சலிட்டு விரட்டியவர் அமர்ந்தார்.

முற்போக்கு நூல்கள் பல இவ்விடத்தில் ஒரு வரியோடு நகர்ந்துவிடுகின்றன. போர்வெறி என்பர், தற்காலிக மயக்கம் என்பர். வாக்காளர் பதிவேடு போருக்கு முற்பட்டது, இளைஞர் பலர் களத்திலிருந்தனர் என்று சமாதானம் கூறுவாருமுளர். இவை ஓரளவு உண்மையே. ஆயினும் அதே 1915ஆம் ஆண்டு யூலையில், அரசாங்கத்தின் போர்க்காலச் சட்டத்தைத் துச்சமென மதித்து, தென் வேல்ஸின் ஏறத்தாழ இரண்டு இலட்சம் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து தம் கோரிக்கைகளை வென்றெடுத்தனர் என்பதை என் செய்வது? போர்வெறியில் மயங்கியோர் கடற்படைக்குரிய நிலக்கரியை நிறுத்துவரோ? நான்கே மாத இடைவெளியில் ஒரே மக்கள் அரசை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். அரசின் போரை ஆதரித்து வாக்களித்தனர். இவ்விரு செயல்களையும் ஒரே மனிதர் செய்தனர் என்று ஏற்றுக்கொண்டாலன்றி நாம் அவர்களை விளங்கிக்கொள்ள முடியாது. கூலிக்காகப் போராடுதல் ஒரு கணக்கு. களத்தில் நிற்கும் மகனுக்காக வாக்களித்தல் வேறொரு கணக்கு. ஸ்டான்ரன் இரண்டையும் ஒரே குரலிற் பேசினார். சங்கமும் கட்சியும் நிறுத்திய வேட்பாளர் என்ற தகுதி மட்டும் ஹார்டியின் இடத்தை நிரப்பப் போதுமாயிருக்கவில்லை. இது எமது விளக்கம். மாற்று விளக்கங்கள் இருத்தல் கூடும். ஆனால் 1915ஐக் கண்மூடிக் கடக்கும் எவ்விளக்கமும் 1970இல் இடறி விழும்.

1918இல் தொகுதி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அபர்டேர்த் தொகுதியில் ஸ்டான்ரன், போரெதிர்ப்பாளரும் வெல்ஷ் கவிஞருமான டி. ஈ. நிக்கலஸை 22,824க்கு 6,229 என்ற கணக்கில் நசுக்கினார். மேர்தரில் லிபரலான எட்கார் ஜோன்ஸ் வின்ஸ்ரோனை ஆயிரத்தைந்நூறுக்கும் குறைவான வாக்குகளால் வென்றார். ஆயினும் 1922இல் இரண்டும் தொழிற்கட்சியின் வசமாயின. அபர்டேர் ஸ்டான்ரனைத் தூக்கியெறிந்தது. மேர்தர், சுதந்திரத் தொழிற்கட்சியின் தலைவராக இருந்த போரெதிர்ப்பாளர் ஆர். சி. வோல்ஹெட்டைத் தெரிவு செய்தது. அதன் பின் அரை நூற்றாண்டுக்கு மேர்தரின் தேர்தல்களிற் பெரும்பாலானவை வாக்கு நிறுக்கும் சடங்குகளாகவே இருந்தன. ஒரு விநோதத்தை மட்டும் இங்கு குறிப்பிடலாம். 1931இல் லிபரலும் கன்சர்வேட்டிவும் விலகி நிற்க, ஒஸ்வல்ட் மோஸ்லியின் புதிய கட்சி வேட்பாளர் 10,834 வாக்குகள் பெற்றார். பின்னாளில் பாசிசத்தில் முடிந்த அக்கட்சிக்கு அத்தேர்தலிற் கிடைத்த மிகச் சிறந்த பெறுபேறு கெயர் ஹார்டியின் நகரில் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சடங்கு என்று நாம் கூறிய அதே காலத்தில் நகரம் செத்துக்கொண்டிருந்தது. கவார்த்வா ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. 1930இல் டௌலயிஸின் உருக்கு உற்பத்தி நிறுத்தப்பட்டது. 1930களின் நடுவில் காப்புறுதி பெற்ற ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு வேலையில்லை. 1939இல் இலண்டனின் திட்டமிடல் ஆய்வுக் குழுவொன்று அந்நகரையே கைவிட்டு மக்களை வேறிடங் குடியேற்றலாம் என்று எழுதியது. வோல்ஹெட்டின் மறைவையடுத்து 1934 யூனில் நடந்த இடைத்தேர்தலில் இடதுசாரிகளே மும்முனையாகப் பிரிந்து நின்றனர். தொழிற்கட்சியின் எஸ். ஓ. டேவிஸ் 18,645 வாக்குகளுடன் வென்றார். கம்யூனிஸ்ட் வேட்பாளரும் வேலையற்றோர் இயக்கத் தலைவருமான வோல் ஹானிங்டனுக்கு 3,409 வாக்குகளே கிடைத்தன. பசித்த மக்கள் தீவிர வாதத்தின் பக்கம் தாமாகவே சாய்வர் என்ற கோட்பாட்டை இவ்வெண்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் வாக்குப் பெட்டிக்கு வெளியே அவர்கள் சும்மா இருக்கவுமில்லை. 1935 பெப்ருவரி 4இல், உதவிப் பணத்தைக் குறைத்த புதிய விதிகளுக்கெதிராகப் பெண்கள் முன்னின்ற பெருங்கூட்டம் மேர்தரின் வேலையற்றோர் உதவிச்சபை அலுவலகத்துட் புகுந்து அதனை உடைத்தெறிந்தது. விதிகள் உடனடியாக இடைநிறுத்தப்பட்டன. கடன் நீதிமன்றின் ஏடுகள் எரிந்து நூற்றுநான்கு ஆண்டுகளின் பின், ஏழையின் வீட்டுப்பொருளை எண்ணிக் கணக்கிடும் இன்னோர் அலுவலகத்துக்கு நேர்ந்த கதி அது.

டேவிஸ் ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகள் இத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். சுரங்கத்தில் வேலை செய்தவர். 1918 முதல் டௌலயிஸ் பகுதித் தொழிலாளர் முகவர். சோவியத் ஒன்றியத்தின் விடாப்பிடியான நண்பர். கட்சி அவரைப் பலமுறை ஒதுக்கி வைத்தது. 1961இல் பாதுகாப்புச் செலவினத்தை எதிர்த்து வாக்களித்தமைக்காகப் பாராளுமன்றக் குழுவிலிருந்து நீக்கப்பட்ட ஐவருள் மைக்கல் புட்டுடன் டேவிஸும் ஒருவர். இன்னொருவரான எம்ரிஸ் ஹியூஸ் கெயர் ஹார்டியின் மருமகன். 1955இல் வேல்ஸுக்குத் தனிப் பாராளுமன்றம் வேண்டி டேவிஸ் கொணர்ந்த மசோதா 14க்கு 48 என்ற வாக்குகளால் வீழ்ந்தது. தம் கட்சியே அதற்கு உடன்படாது என்பது அவருக்கு நன்கு தெரியும்.

1966 ஒக்டோபர் 21 காலை, இத்தொகுதிக்குட்பட்ட அபர்வான் கிராமத்தின் மேல் மலையிற் குவிக்கப்பட்டிருந்த சுரங்கக் கழிவு சரிந்து, பாடசாலையையும் வீடுகளையும் மூடியது. 144 பேர் இறந்தனர். அவர்களுள் 116 பேர் சிறுவர். கழிவுக்குவியல் பற்றிய ஐயம் தமக்கு முன்னரே இருந்ததாகவும், அதனை எழுப்பினால் சுரங்கத்தையே மூடிவிடுவர் என்ற அச்சம் ஊரில் நிலவியதாகவும் டேவிஸ் விசாரணை மன்றில் கூறினார். அச்சாட்சியத்தை மன்று முழுமையாக ஏற்கவில்லை. பழி தேசிய நிலக்கரிச் சபையின் மேலேயே சுமத்தப்பட்டது. டேவிஸின் வாக்குமூலம் உண்மையெனின் அது அவரை உயர்த்துவதன்று. ஆயினும் வேலையா உயிரா என்ற பேரத்தில் ஒரு தொழிலாளர் பிரதிநிதி வாயடைத்து நின்ற கதையை அதைவிடத் துலக்கமாகச் சொல்லும் ஆவணத்தை நாம் கண்டதில்லை. தனியார் முதலாளிகளிடமிருந்து மக்கள் பெயரால் மீட்கப்பட்ட சுரங்கம் அது. ஆட்சியிலிருந்தது அவர்களே தெரிவு செய்த கட்சி. அக்கட்சியின் அரசாங்கமே 1968இல், எஞ்சிய கழிவுக்குவியல்களை அகற்றும் செலவுக்கென, பாதிக்கப்பட்டோருக்காக உலகெங்குமிருந்து சேர்ந்த நிதியிலிருந்து 150,000 பவுண் பெற்றது. அதனைக் கண்டித்து டேவிஸ் நிதிக்குழுவிலிருந்து விலகினார். அப்பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது 1997இலேயே, வட்டியின்றி.

இப்பின்னணியிலேதான் 1970 யூன் 18 பொதுத்தேர்தலை நோக்குதல் வேண்டும். டேவிஸுக்கு வயது எண்பத்து மூன்று எனப்பட்டது. முதுமையைக் காரணங்காட்டி மேர்தர் தொழிற்கட்சி அவரைக் கைவிட்டு, தொழிற்சங்க அலுவலரான டால் லொயிட்டை நிறுத்தியது. டேவிஸ் சுயேச்சையாக நின்றார். கட்சி அவரை வெளியேற்றியது. அவருக்குக் கட்சிப் பொறி இல்லை, பணமில்லை. பதினெட்டு வயதினர் முதன்முறையாக வாக்களித்த பொதுத்தேர்தல் அது என்பதும் குறிப்பிடத்தக்கது. டேவிஸ் பெற்றவை 16,701. லொயிட் பெற்றவை 9,234. தொழிற்கட்சி வேட்பாளர் என்ற பெயர்ப்பலகையை மாட்டி யாரை நிறுத்தினும் மேர்தரில் வெல்லலாம் என்ற பழமொழி 7,467 வாக்குகளால் பொய்த்தது. 1868இல் புறூஸுக்கும், 1915இல் வின்ஸ்ரோனுக்கும் நேர்ந்தது 1970இல் லொயிட்டுக்கு நேர்ந்தது. மூவரும் வெவ்வேறு கொள்கையினர். மூவரும் வாக்கெடுப்புக்கு முன்னரே தீர்மானிக்கப்பட்ட ஆசனத்துக்கு வந்தோர் என்பதில் ஒத்தவர். றிச்சார்ட்டும் ஹார்டியும் வெளியூரவர். ஸ்டான்ரனும் டேவிஸும் உள்ளூரவர். ஆகவே உள்ளூர்ப் பற்று என்றும் இதனைச் சுருக்கிவிட இயலாது.

டேவிஸ் 1972 பெப்ருவரியில் மறைந்தார். ஏப்ரல் இடைத்தேர்தலில் தொழிற்கட்சியின் டெட் றோலண்ட்ஸ் ஆசனத்தை மீட்டார். ஆயினும் வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் எம்ரிஸ் றொபேட்ஸ் 3,710 வாக்குகள் மட்டுமே பின்தங்கி வந்தார். 1970இல் அதே கட்சிக்குக் கிடைத்திருந்தவை மூவாயிரத்துச் சொச்சம், இப்பொழுது 11,852. 1976இல் மேர்தரின் நகரசபையையும் அக்கட்சி கைப்பற்றியது. பாராளுமன்ற ஆசனம் மட்டும் தொழிற்கட்சியிடம் தங்கியது. 1983இல் தொகுதி எல்லைகள் திருத்தப்பட்டபொழுது மேர்தர், கிழக்கேயுள்ள றம்னிப் பள்ளத்தாக்குடன் இணைக்கப்பட்டுப் பழைய தொகுதி மறைந்தது. அபர்வானின் குழந்தைகள் மாண்ட மலையடிவாரத்திலிருந்த மேர்தர் வேல் சுரங்கம் 1989இல் மூடப்பட்டது. 2024ஆம் ஆண்டுத் தேர்தலுக்கென எல்லைகள் மீண்டும் வரையப்பட்டன. றிச்சார்ட்டுக்கும் ஹார்டிக்கும் ஒருங்கே வாக்களித்து, 1918இற் பிரிந்த மேர்தரும் அபர்டேரும் நூற்றாறு ஆண்டுகளின் பின் மறுபடியும் ஒரே தொகுதியாயின. இம்முறை அவ்விரு பள்ளத்தாக்குகளிலும் இருப்பாலையுமில்லை, ஆழ்சுரங்கமுமில்லை.